ஐந்து வேளைச் சாப்பாடும் ஒரு ஏலமும்

விசாலாட்சிக்கு வாய் கொஞ்சம் நீளம்னு காரைக்கால்மேட்டுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அவளைக் கேட்டா அவளே சொல்வா. இருபத்திரண்டு வருஷமா கடற்கரையில மீன் ஏலம் விடுறவளுக்கு வாய் நீளமா இல்லாம பின்னே காதா நீளமா இருக்கும்? படகு கரை சேர்ந்து கூடை மணல்ல எறங்கினதும் அவ குரல் எழும்பும். அந்தக் குரலுக்கு ஒரு சட்டம் உண்டு. மீனோட பேரைச் சொல்லித்தான் கூவணும். ஐஸ்ல கெடந்த மீன்னா ஐஸ் மீன்னு சொல்லியாகணும். மலிவான பாறை மீனை வஞ்சிரம்னு கூவினா ஊர்ப் பஞ்சாயத்துல கொண்டுபோய் நிக்க வெச்சுடுவாங்க. இத்தனை வருஷத்துல விசாலாட்சி அப்படி ஒரு நாளும் நின்னதில்ல. அவ சொன்னா சரியா இருக்கும்னு கூடையைக் கிளறிக்கூடப் பாக்காம தூக்கிட்டுப் போற வியாபாரிங்க இருக்காங்க. அவளுக்குன்னு இருக்கற சொத்து அந்த ஒரு சொல்லுதான்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஏலத்துல விலை சொல்றதுக்குக் கேக்குறதுன்னு பேரு. அப்படிச் சொல்ற விலைக்குப் பேரு கேள்வி. கேள்வி வராம யாரும் கூடையில கை வைக்கக் கூடாது. வெச்சா அது வியாபாரம் இல்ல, திருட்டு. இது அந்தக் கரையில நண்டு பொறுக்க வர்ற பொடுசுக்குக்கூடத் தெரியும்.

அது மே மாசம். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் ஆத்துல வரிசையாக் கட்டிக் கெடந்துது. விசைப்படகு டிரைவரான அவ புருஷன் பஞ்சநாதன் வீட்டுல பாதி நேரம் டிவி, பாதி நேரம் தூக்கம்னு இருந்தாரு. ஃபைபர் படகு மட்டும் போய்ட்டு வந்துக்கிட்டிருந்துது. அதுவும் மூணு நாளா காத்து பேயா அடிக்க, யாரும் கடல்ல எறங்கக் கூடாதுன்னு பஞ்சாயத்துல மைக் கட்டிச் சொல்லிட்டாங்க. கரையில ஒரு நெத்திலிகூட இல்ல.

அந்த நேரம் பாத்துதான் மக பாரதிப்ரியா துள்ளிக் குதிச்சுக்கிட்டு வந்தா. அவ காலேஜுல பி.காம் ரெண்டாம் வருஷம். போன்ல 'காரை ருசி'ன்னு ஒரு பக்கம் வெச்சுக்கிட்டு, எங்க எதைத் தின்னாலும் படம் எடுத்து, நாலு வரி எழுதி, ஸ்டார் போடுவா. தலத்தெருவைத் தாண்டி ரோட்டோரத்துல 'அலையரசி தீம் பார்க்'னு புதுசா ஒண்ணு பொங்கலுக்குத் தொறந்திருந்தாங்க. அவங்க இவ பக்கத்தைப் பாத்துட்டு, குடும்பத்தோட ரெண்டு நாள் வந்து தங்குங்க, அஞ்சு வேளைச் சாப்பாடு, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு விமர்சனம் எழுதணும், அவ்வளவுதான்னு சேதி அனுப்பியிருந்தாங்க. நல்லா எழுதினா லீவு முடியற வரைக்கும் பார்க்குக்கு வீடியோ எடுக்குற வேலையும் தர்றதாச் சொல்லியிருந்தாங்க.

பக்கத்து வீட்டு வினோதினி வாசல்ல நின்னு சிரிச்சா. "என்னக்கா, பத்துக் கிலோமீட்டர் டூருக்குப் பெட்டியெல்லாம் கட்டுறீங்க? பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டீங்களா?"

"ஏன்டி, டூர்னா ஊட்டிக்குத்தான் போகணும்னு யாராச்சும் எழுதி வெச்சிருக்காங்களா? கல்யாணமாகி வந்த நாளாய் அடுத்தவங்க சமைச்சதை ரெண்டு நாள் சேர்ந்தாப்ல ஒக்காந்து தின்னது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடந்தப்போதான். அதுவும் ரொட்டி. நான் போவேன். மெத்தையில படுப்பேன். நீ வயிறு எரி." சொல்லிட்டு ஆட்டோவுல ஏறி ஒக்காந்தா.

முதல் வேளை, மதியச் சாப்பாடு. வாழையிலை போட்டு விருந்து. விசாலாட்சி சாம்பாரை ஊத்தி ஒரு வாய் வெச்சா. முகம் கோணிப் போச்சு.

"என்னம்மா, எப்படி இருக்கு? சொல்லு, எழுதணும்" பாரதிப்ரியா போனைத் தூக்கிக்கிட்டுத் தயாரா இருந்தா.

"சாம்பாரா இது? வெல்லத்தைக் கரைச்சு ஊத்தியிருக்கான். சக்கரை இருக்கறவன் தின்னா வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்கணும். பாயசத்துக்கு வெச்ச வெல்லத்தை மாத்திப் போட்டுட்டான் போல, பாயசத்துல இனிப்பே இல்ல. ரசம் மட்டும் ரசம். அந்த ரசம் வெச்சவன் கைக்கு மோதிரம் போடலாம்."

பாரதிப்ரியா விறுவிறுன்னு தட்டினா. விசாலாட்சி எட்டிப் பாத்தா. 'மெல்லிய இனிப்புடன் மனதை வருடும் சாம்பார். அளவான இனிப்பில் பாயசம். ஐந்து ஸ்டார்.'

"அடியே! நான் ஒண்ணு சொல்றேன், நீ வேற ஒண்ணு கூவுற?"

"நாலு ஸ்டாருக்குக் கீழ போடக் கூடாதும்மா. சொல்லித்தான் கூப்ட்டிருக்காங்க."

"அப்ப எங்கிட்ட எதுக்குடி கேட்ட? அவங்களையே எழுதிக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"விசாலா, வந்த இடத்துல ஆரம்பிக்காதே" பஞ்சநாதன் ரெண்டாவது தடவை சாம்பார் வாங்கிக்கிட்டிருந்தாரு. அவருக்கு இனிப்புன்னா உசுரு. விசாலாட்சியும் சரி போ, புள்ளைக்கு ஒரு வேலை கெடைக்கப் போகுது, சாம்பார்தானே, யாரு செத்துப் போயிடப் போறாங்கன்னு விட்டுட்டா.

சாயங்காலம் தண்ணியில நல்லா ஆட்டம் போட்டாங்க. உசரமான சறுக்குல பாரதிப்ரியா பயந்துக்கிட்டு நிக்க, விசாலாட்சி நைட்டிக்கு மேல சுடிதார் துப்பட்டாவைக் குறுக்கால கட்டிக்கிட்டு, "தள்ளுடி"ன்னு வந்து ஒரே சறுக்கா எறங்கி, தண்ணியில தலைகீழா விழுந்து எழுந்து, இன்னொரு தடவைன்னு ஏறினா. பஞ்சநாதன், நடுக்கடல்ல எட்டு நாள் கெடந்துட்டு வர்ற மனுஷன், குழந்தைங்க தண்ணியில கால் நனைய நின்னுக்கிட்டு இதுவே போதும்னுட்டாரு.

அதுக்கப்புறம் 'பிரெஞ்சுத் தெரு'ன்னு ஒண்ணு. மஞ்சக் கலர் அடிச்ச வீடு, வளைவு வளைவா ஜன்னல், தட்டிப் பாத்தா எல்லாம் அட்டை. "நம்ம ஊர்ல நிஜமா இருக்குற பிரெஞ்சு வீடு மேல ஆலஞ்செடி மொளைச்சுக் கெடக்கு, இங்க அட்டையில கட்டி அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறாங்க" விசாலாட்சிக்குச் சிரிப்பு அடங்கல. அங்க காப்பியும் பன்னும் குடுத்தாங்க. பன்னுக்குள்ள காத்துதான் இருந்துதுன்னு அவ சொன்னா. 'காற்றைப் போல மென்மையான பன்'னு மக எழுதினா. ராத்திரி பிரியாணி. அதுல மட்டும் ஆத்தாளுக்கும் மகளுக்கும் சண்டை இல்ல. பிரியாணிக் கடையில நின்ன காஜா நஜ்முதீன் தானே கிண்டி, தானே போட்டுக் குடுத்தாரு. அரிசி ஒண்ணோட ஒண்ணு ஒட்டல, கறி கையில எடுத்ததும் எலும்பை விட்டு வந்துது. "இதுக்கு எத்தனை ஸ்டார் இருக்கோ அத்தனையும் போடு, பத்தலேன்னா கடன் வாங்கிப் போடு"ன்னா விசாலாட்சி. மறுநாள் காலையில பொங்கலைப் பத்தி என்ன சொன்னாங்கறதை இங்க எழுதினா நல்லா இருக்காது.

அஞ்சாவது வேளைதான் வினை.

மதியம் 'மேட்டுக்கரை மீன் கடை'ன்னு ஒரு ஓட்டல்ல சாப்பாடு. ஓலை வேஞ்ச மாதிரி கூரை, செவுத்துல வலை, மூலையில பாதிப் படகு. வாசல்ல கரும்பலகையில சாக்பீஸால எழுதியிருந்துது: 'இன்று காலை காரைக்கால்மேட்டில் பிடித்த வஞ்சிரம்.'

பஞ்சநாதன் படிச்சுட்டுத் தலையைச் சொறிஞ்சாரு. "இன்னிக்குக் காலையிலயா? யாரு போனா?"

"நீங்க தூங்கறப்போ உங்க படகே தனியாப் போய்ட்டு வந்திருக்கும்"னு சொல்லிக்கிட்டே விசாலாட்சி உள்ள போய் ஒக்காந்தா. மேசையில மெனு கார்டு கெடந்துது. அதைக் கையில எடுத்தவ அப்படியே நின்னு போனா. ஒக்காந்தவ எப்ப எழுந்தான்னு அவளுக்கே தெரியல.

கார்டு மேல இருந்தது அவ மூஞ்சி.

தலையில சும்மாடு, வாயை ஆன்னு தொறந்து, ஒரு கையைத் தூக்கி ஏலம் கூவுற மூஞ்சி. கீழ பெருசா எழுத்து: 'எங்கள் விசாலாட்சி அக்கா தன் கையால் தேர்ந்தெடுத்த மீன். தினம் தினம் புதுசு.'

அவளுக்கு ஞாபகம் வந்துது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தன் பெரிய கேமராவைத் தூக்கிக்கிட்டு ஏலக் கரைக்கு வந்தான். அவ கூவிக்கிட்டிருக்கறப்போ மூஞ்சிக்கு நேரா நீட்டினான். "ஏய், கேட்டுட்டு எடுக்கத் தெரியாதா?"ன்னு அவ சத்தம் போட்டதுக்கு, பத்திரிகைக்குக்கா பத்திரிகைக்குன்னு சிரிச்சுட்டுப் பக்கத்துல நின்னவன்கிட்ட அவ பேரை விசாரிச்சுட்டுப் போனான். அந்தப் பத்திரிகை இதுதான் போல இருக்கு.

"அம்மா, சூப்பரா இருக்கேம்மா நீ!" பாரதிப்ரியாவுக்கு வாயெல்லாம் பல்லு. "நீ ஃபேமஸும்மா!"

விசாலாட்சி கார்டைக் கீழ வெச்சா. மீன் வரட்டும்னு ஒக்காந்தா. மீன் நல்ல மீனா இருந்துடணும்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டா, சத்தியமா வேண்டிக்கிட்டா. நல்ல மீனா இருந்துட்டா சிரிச்சுட்டு விட்டுடலாம்.

வந்துது. செக்கச்செவேல்னு மசாலா, மேல எலுமிச்சம்பழத் துண்டு. பாத்ததுமே அவளுக்குச் சந்தேகம் தட்டுச்சு. வஞ்சிரத் துண்டுன்னா உருண்டையா இருக்கும், தோல் வழுவழுன்னு இருக்கும். இது ஒசரமா, தட்டையா இருந்துது. ஓரத்தை விரலால தடவினா வால்பக்கத்துச் செதில் ரம்பம் மாதிரி கீறுச்சு. பிச்சு வாயில வெச்சா. ஏடு ஏடா வர வேண்டிய சதை நார் நாரா வந்துது. மசாலாவைத் தாண்டி ஐஸ் பொட்டி வாடை மூக்குல ஏறுச்சு.

"பாறை" தட்டைத் தள்ளி வெச்சா. "ஐஸ்ல பத்து நாளுக்குக் குறையாது. பழசு."

பஞ்சநாதனும் ஒரு வாய் வெச்சுப் பாத்தாரு. முழுங்காம டிஷ்யூவுல துப்பி மடிச்சாரு.

"மேனேஜரைக் கூப்பிடு"ன்னா விசாலாட்சி.

வந்தவனைப் பாத்தா தெரிஞ்ச முகம். குரும்பகரத்து மங்கையர்க்கரசி மகன் சிவக்குமார். கரையில ஏலம் முடிஞ்சதும் அந்த ஊருக்குக் கூடை தூக்கிட்டுப் போறவதான் விசாலாட்சி. நெல்லு வெளையிற வீடு, ஞாயித்துக்கெழமை தவறாம மீன் வாங்குவாங்க. இவன் அரைக்கால் சட்டையோட ஓடிவந்து மீன் பாத்ததெல்லாம் அவளுக்கு நெனவிருக்கு. இப்ப டை கட்டியிருந்தான்.

"அக்கா! நீங்கதான் வந்திருக்கறதா? சொல்லவே இல்லையே!" உண்மையிலேயே சந்தோஷப்பட்டுட்டான் பய.

"தம்பி, இது என்ன மீனு?"

"வஞ்சிரம்க்கா."

"யாருக்குக் காது குத்தறீங்க? எனக்கா? உங்க அம்மா முன்னாடி கொண்டுபோய் வெச்சா அவங்களே சொல்லிடுவாங்க, இது பாறைன்னு."

சிவக்குமார் அக்கம்பக்கம் பாத்துட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஒக்காந்தான். குரலைத் தணிச்சான். "அக்கா, உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். தடைக்காலம், வெளியூர்லேருந்து ஐஸ் வண்டியில வருது. கார்டு மேலிடத்துல அடிச்சு அனுப்பினது. உங்க படம்னு எனக்குத் தெரியும், வெக்கமாத்தான் இருந்துது. ஆனா நான் என்ன செய்ய? இன்னும் மூணு வாரம் பொறுத்துக்கங்க. தடைக்காலம் முடிஞ்சதும் இந்த ஓட்டலுக்கு வேண்டிய மீன் மொத்தமும் உங்ககிட்டத்தான் வாங்கணும்னு நான் பேசி முடிச்சுத் தரேன். அந்தக் கார்டுல இருக்கறதை நிஜமாவே ஆக்கிடலாம். தங்கச்சி வேலையும் உறுதி. இன்னிக்கு மட்டும் நல்லபடியா எழுதிட்டுப் போங்க."

மேசைக்கு அடியில பஞ்சநாதன் கால் அவ காலை மிதிச்சுது. ஒத்துக்கோன்னு அர்த்தம். பாரதிப்ரியா கண்ணை எடுக்காம அம்மாவையே பாத்துக்கிட்டிருந்தா. வீடியோ எடுக்குற வேலைக்காக ஒரு வாரமா தூங்காம கெடந்த புள்ள.

பொய் சொல்லுவானேன், விசாலாட்சிக்கு ஆசை வந்துது. கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு வெயில்ல ஊர் ஊராப் போற கழுத்துக்குத்தான் தெரியும், ஒரே எடத்துல மொத்தமாக் குடுக்குற சுகம். மூணு வாரம்தானே. யாரு வந்து பாத்தா? கார்டை எடுத்துத் திரும்பப் பாத்தா. அதுல இருந்தவ வாயைத் தொறந்து கூவிக்கிட்டே இருந்தா. என்ன கூவுறான்னு மட்டும் தெரியல.

"ஏங்க, நீங்கதானே இது?"

அடுத்த மேசையிலேருந்து ஒரு பொண்ணு. தஞ்சாவூர்ப் பக்கம்னு பேச்சுல தெரிஞ்சுது. மடியில ரெண்டு வயசுக் குழந்தை. கையில கார்டு. மூஞ்சியையும் கார்டையும் மாத்தி மாத்திப் பாத்துச் சிரிச்சா. "நல்லவேளை, உங்களையே பாத்துட்டேன். பழைய மீன்னா இவனுக்கு ஒத்துக்காதுங்க, வெளியில மீனே குடுக்கறதில்ல. கார்டுல உங்களைப் பாத்துட்டுத்தான், இந்த அக்கா பாத்து வாங்கினதுன்னு தைரியமா ஊட்டுறேன்."

குழந்தை வாயைத் தொறந்து அடுத்த கவளத்துக்குக் காத்துக்கிட்டிருந்துது.

விசாலாட்சிக்கு உள்ள என்னமோ அறுந்துது. இருபத்திரண்டு வருஷம். ஒரு கூடைக்குக்கூடப் பேர் மாத்திச் சொல்லல. அவ ஒரு பக்கம் கால் மேல கால் போட்டு ஒக்காந்திருக்க, அவ மூஞ்சி இந்த நாப்பது மேசையிலயும் நின்னுக்கிட்டுப் பொய் கூவியிருக்கு. பொங்கல்லேருந்து கூவுது!

"அதை ஊட்டாதம்மா. கீழ வை"ன்னா. அப்புறம் புருஷன் காலை ஒதறிவிட்டு எழுந்து, மீன் தட்டைக் கையில எடுத்துக்கிட்டு ஓட்டலோட நடுவுக்கு வந்து நின்னா.

"அக்கா, அக்கா, வேணாம்க்கா" சிவக்குமார் எழுந்து வந்தான்.

"தள்ளு." கோவத்துல வாயில இருந்த 'ங்க' எங்கயோ கழண்டு விழுந்துடுச்சு.

தட்டைத் தலைக்கு மேல தூக்கினா. அலை சத்தத்தைத் தாண்டிக் கேக்கணும்னு பழகின குரல், இந்தச் சுவருக்குள்ள அடங்குமா?

"கேளுங்கய்யா கேளுங்க! பாறை மீனு, பாறை! வஞ்சிரம் இல்ல, பாறை! ஐஸ் மீனு, ஐஸ் மீனு, பத்து நாளு ஐஸ்ல கெடந்த மீனு! காரைக்கால்மேட்டு மீன் இல்ல! மூணு நாளா எங்க ஊர்ல ஒரு படகும் எறங்கல! எந்த ஊர் மீன்னு எனக்கும் தெரியாது, சமைச்சவனுக்கும் தெரியாது! விசாலாட்சி தொட்ட மீன் இல்ல! யாரு கேக்குறீங்க? கேளுங்க!"

ஓட்டல் கப்சிப். ஸ்பூன் சத்தம்கூட நின்னுபோச்சு. கதவுகிட்ட நின்ன செக்யூரிட்டி, உள்ள வர்றதா வேணாமான்னு தெரியாம ஒரு காலைத் தூக்கிக்கிட்டே நின்னான்.

"ஒரு தரம்!"

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. யாரோ தட்டைத் தள்ளி வெச்சாங்க.

"ரெண்டு தரம்!"

அந்தத் தஞ்சாவூர்ப் பொண்ணு குழந்தை வாயைத் துடைச்சுவிட்டா. பின்னாடி ஒருத்தரு, ஒரு மாதிரி இருக்குன்னு நான் அப்பவே சொன்னேனேன்னு பொண்டாட்டிகிட்டச் சண்டை போட்டாரு.

"மூணு தரம்! கேள்வி இல்ல!" தட்டைப் பக்கத்து மேசையில டமால்னு வெச்சா. வெச்சுட்டு, மெனு கார்டைக் கையில எடுத்தா. "அடுத்த சரக்கு. இது மூஞ்சி. என் மூஞ்சி. பாத்துக்கங்க, ரெண்டும் ஒண்ணான்னு!" கார்டைத் தன் கன்னத்தோட சேத்து வெச்சுக் காட்டினா. "இதை யாரு கேட்டது? போட்டோ எடுத்தவன் கேட்டானா? அச்சடிச்சவன் கேட்டானா? தம்பி, நீ கேட்டியா?"

சிவக்குமார் தலை குனிஞ்சுது. "இல்லக்கா."

"கேள்வி இல்லாம தூக்கினா எங்க கரையில அதுக்கு என்ன பேரு?"

பதில் அவன்கிட்டேருந்து வரல. மூலை மேசையிலேருந்து, ரெண்டு நாளா பேசாதே பேசாதேன்னு காலை மிதிச்ச பஞ்சநாதன் எழுந்து நின்னு, நடுக்கடல்ல அடுத்த படகைக் கூப்பிடுற குரல்ல சொன்னாரு.

"திருட்டு!"

விசாலாட்சி திரும்பி அவரைப் பாத்தா. கல்யாணமான நாள்ல பாத்ததுக்கப்புறம் அப்படி ஒரு பார்வை பாத்ததில்ல.

அதுக்கப்புறம் அவ கூவல. மேசை மேசையாப் போனா. ஒவ்வொரு மேசையிலயும் கெடந்த கார்டை எடுத்தா. "குடுங்க, இது என்னோடது"ன்னு கேட்டு வாங்கினா. யாரும் மாட்டேங்கல. அந்தத் தஞ்சாவூர்ப் பொண்ணு எழுந்து அந்தப் பக்கத்து மேசைங்கள்லேருந்து பத்துக் கார்டை எடுத்துக்கிட்டு வந்து குடுத்தா. நாப்பத்திச் சொச்சம் மூஞ்சியையும் அடுக்கிக் கட்டைப்பைக்குள்ள போட்டுக்கிட்டா விசாலாட்சி.

சிவக்குமாருக்குப் போன் அடிச்சுக்கிட்டே இருந்துது. எடுத்தான், சரிங்க சார் சரிங்க சார்னான், வெச்சான். "அக்கா, உங்க ரூமை உடனே காலி பண்ணச் சொல்றாங்க. தங்கச்சி வேலையும்..." முடிக்கல.

"தெரியும். போறோம்."

வாசலுக்கு வந்தப்போ, சிவக்குமார் பின்னாடியே வந்து அந்தக் கரும்பலகை முன்னாடி நின்னான். அப்புறம் கட்டியிருந்த டையோட நுனியால 'இன்று காலை காரைக்கால்மேட்டில் பிடித்த வஞ்சிரம்'கறதை அழிச்சான். அவனுக்கு அதுக்கு மேல முடியல, பாவம். அவ்வளவாவது முடிஞ்சுதேன்னு விசாலாட்சி நெனச்சுக்கிட்டா.

கேட்டுக்கு வெளிய வெயில் கொளுத்துச்சு. ஆட்டோ ஒண்ணும் இல்ல. பெட்டியைக் கீழ வெச்சு, அது மேல விசாலாட்சி ஒக்காந்தா. பஞ்சநாதன் ரோட்டுல நின்னு வர்ற வண்டியெல்லாம் கை காட்டிக்கிட்டிருந்தாரு. விசாலாட்சி கட்டைப்பையை இழுத்து மடியில வெச்சுக்கிட்டா. மக மூஞ்சியை இன்னும் நிமிந்து பாக்கல.

"பாரதி, உன் வேலைல மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்டி. கோவமா?"

பாரதிப்ரியா போன்ல தட்டிக்கிட்டிருந்தா. மூக்கு செவந்திருந்துது, அழுதிருக்கா. ஆனா கட்டைவிரல் நிக்கல.

"கோவம்தான்"னா கடைசியில. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொதல்லேருந்து வீடியோ எடுத்திருப்பேன்ல? ரெண்டு தரத்துலேருந்துதான் எடுத்திருக்கேன்."

விசாலாட்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துது. "என்ன எழுதுற?"

மக படிச்சா. "'அஞ்சாவது வேளை. வஞ்சிரம்னு குடுத்தது பாறை. பத்து நாள் பழசு. மொதல் நாள் சாம்பார்ல வெல்லத்தைக் கரைச்சு ஊத்தியிருந்தாங்க, சக்கரை இருக்கறவன் தின்னா வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்கணும். பன்னுக்குள்ள காத்துதான் இருந்துது. நான் முன்னாடி எழுதினது பொய், அழிச்சுட்டேன். ரசம் வெச்சவன் கைக்கு மோதிரம் போடலாம். பிரியாணி போட்ட காஜா நஜ்முதீன் அண்ணனுக்கு இருக்குற எல்லா ஸ்டாரும், பத்தலேன்னா கடன் வாங்கி. மீனுக்கு ஒண்ணும் இல்ல. சொன்னது விசாலாட்சி, காரைக்கால்மேடு.' ஒரு எழுத்து மாத்தல. சரியா?"

"பொங்கலை விட்டுட்டியே."

"அதைப் போட்டா என் பக்கத்தையே மூடிடுவாங்கம்மா."

தூரத்துல ஒரு ஆட்டோ தெரிஞ்சுது. பஞ்சநாதன் ரெண்டு கையையும் ஆட்டினாரு. பாரதிப்ரியா போனைத் தூக்கினா, தூக்கினவ கீழ எறக்கிட்டா. அம்மாவை நேராப் பாத்தா.

"அம்மா, இதுக்குப் படம் வேணும். உன்னை ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

விசாலாட்சி பெட்டி மேல நிமிந்து ஒக்காந்தா. தலை கலைஞ்சிருந்துது, ஒதுக்கல. மூஞ்சியில வேர்வை, தொடைக்கல. மடியில நாப்பத்திச் சொச்சம் மூஞ்சி கட்டைப்பையில கனமா இருந்துது.

"கேள்வி வந்துடுச்சு"ன்னா. "எடுத்துக்கோ."